விண்ணப்பத்தைப் படிக்க ஆளில்லை, சரிபார்க்க ஆளுண்டு

கல்வராயன் மலைப் பெற்றோர் சிலர், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது அருகில் வந்து மெல்லக் கேட்பார்கள்: “அப்பா இல்லாத புள்ளைன்னு ஒரு வரி சேத்து எழுதிடுங்க சார். பாத்துட்டு எடம் குடுப்பாங்க.”

அப்படி எழுத அந்த விண்ணப்பத்தில் இடமே கிடையாது. எழுதினாலும் படிக்க அந்தப் பக்கம் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மதிப்பெண், இனம், படித்த பள்ளி, பிறந்த தேதி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கணினி ஒரு வரிசை போடும். மனிதக் கண் படுவது ஒரே ஒரு கட்டத்தில். விண்ணப்பத்தில் தட்டியதும் சான்றிதழில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கும்போது மட்டும். மலைப் பிள்ளைகள் இடத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் வரை கள்ளக்குறிச்சியில் மலைப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதை இந்தக் கட்டுரையாளர் பல ஆண்டாகச் செய்துவருகிறார். இங்கே சொல்லப்படுபவை அந்த மேசையில் தெரிந்துகொண்டவை. இன்று பத்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் குடும்பத்துக்கு இவை அதிகம் பயன்படும்.

மலையின் கதையை ஒருமுறை சொல்லிவிட வேண்டும். ஜாகீர்தார்கள் பிடியிலிருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழித்து! விழுப்புரம் மாவட்டத்தைப் பிரித்து 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன்மலை வட்டம் இதில் அடங்கும். கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அரசின் காகிதம் இந்த மலைக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது. கல்லூரி அனுமதியோ முழுக்க முழுக்கக் காகிதத்தால் நடப்பது.

வரிசை எப்படிப் போடுகிறார்கள்?

தமிழ்நாட்டில் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் 1984 முதல் தனி நுழைவுத் தேர்வு இருந்தது. பட்டணத்துப் பயிற்சி மையத்துக்குப் போக முடியாத கிராமத்துப் பிள்ளை அதில் பின்தங்கினான். 2006ஆம் ஆண்டுச் சட்டம் நுழைவுத் தேர்வை நீக்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே அளவுகோலானது. மருத்துவத்துக்கு 2017இல் நீட் வந்து அந்த ஏற்பாட்டை மாற்றியது. பொறியியலுக்கு மட்டும் அது நிலைத்தது. அண்ணா பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கிய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு 2018இல் இணையத்துக்கு மாறியது. மறு ஆண்டிலிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதை நடத்துகிறது.

கணக்கு எளிது. கணிதம் முழுசாக 100, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதியாக 50, 50. மொத்தம் 200. கணிதத்தில் 72, இயற்பியலில் 68, வேதியியலில் 74 வாங்கிய பிள்ளைக்கு 72, 34, 37 கூட்டி 143 கட்-ஆஃப். ஒரே கட்-ஆஃபில் பல பேர் நின்றால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அப்படியும் பிரியாவிட்டால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை. கடைசியாக, கணினி ஒதுக்கிய ரேண்டம் எண்.

இதிலிருந்து ஒரு பாடம் நேராக வருகிறது. வேதியியலில் கூடுதலாக இரண்டு மதிப்பெண் எடுப்பதும் கணிதத்தில் கூடுதலாக ஒன்று எடுப்பதும் கட்-ஆஃபில் ஒன்றுதான். ஆனால் சமநிலை வந்தால் கணிதம்தான் ஆளைத் தூக்கிவிடும். பிளஸ் டூ பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே இதைச் சொல்லிவிட்டால், எந்தப் பாடத்துக்கு எத்தனை நேரம் என்று அவனே பங்கு போட்டுக்கொள்வான்.

இடப் பங்கீட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 18 (இதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினருக்கு 1. மீதி 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. “எஸ்.டி.க்கு ஒரு பர்சன்ட்தான், நமக்கு எங்க கெடைக்கும்?” என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்த 31-ஐ மறந்துவிடுகிறார்கள். நல்ல கட்-ஆஃப் உள்ள பழங்குடி மாணவர் பொதுப் பிரிவில் இடம் எடுத்தால், எஸ்.டி. இடம் அடுத்தவருக்கு மிஞ்சும். விண்ணப்பத்தில் எஸ்.டி. என்று குறிப்பிடுவதால் பொது இடம் கேட்கும் உரிமை போய்விடாது.

சாதிச் சான்று: பத்தாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

மலைக்குக் கீழே ஒரு பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால், சாதிச் சான்று தாலுகா அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடியினருக்கு அப்படியில்லை. 1989 நவம்பர் 11ஆம் தேதி அரசாணைக்குப் பிறகு எஸ்.டி. சான்று கொடுக்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) மட்டுமே. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கோப்பு படியேறி ஆர்.டி.ஓ. மேசைக்குப் போக வேண்டும். நேரில் விசாரணையும் நடக்கலாம். போலிச் சான்றுகளைத் தடுக்க 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த சரிபார்ப்பு நெறிமுறைகளுக்குப் பிறகு, எஸ்.டி. சான்று என்றாலே அலுவலகங்கள் கூடுதல் கவனம் காட்டுகின்றன. அந்தக் கவனத்தின் சுமை உண்மையான பழங்குடிப் பிள்ளையின் தலையிலும் விழுகிறது.

இன்னொரு நுட்பம் உண்டு. கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பான்மையோர் மலையாளி பழங்குடியினர். இந்தப் பெயர் எல்லா மாவட்டத்துக்கும் பட்டியலில் இல்லை. தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகள் என்றுதான் பட்டியல் சொல்கிறது. இதனால்தான் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் எஸ்.டி. தகுதிக்காகப் போராட வேண்டியிருக்கிறது. பட்டியலில் ‘கள்ளக்குறிச்சி’ என்ற பெயர் கிடையாது. பழைய தென் ஆற்காட்டிலிருந்து விழுப்புரம் பிரிந்து, அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. அந்த வழியில்தான் உரிமை வருகிறது. வெளிமாநிலக் கல்லூரியில் சான்றைப் பார்க்கும் அலுவலர் பட்டியலில் கள்ளக்குறிச்சியைத் தேடிவிட்டு நெற்றியைச் சுருக்கினால், பிள்ளைக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

கட்டுரையாளரிடம் வரும் பிள்ளைகளுக்கு அவர் சொல்லும் ஒழுங்கு இது. பெற்றோரில் ஒருவருக்கோ, உடன்பிறந்த அண்ணன் அக்காளுக்கோ ஏற்கெனவே சான்று இருந்தால் அதன் நகலை முதலில் தேடி எடுக்க வேண்டும். 1989 நவம்பருக்கு முன் தாசில்தார் கொடுத்த பழைய சான்று பெட்டிக்குள் கிடந்தாலும் சரி. அது பெரிய ஆதாரம். பத்தாம் வகுப்புக் கோடை விடுமுறையில் விண்ணப்பித்துவிட வேண்டும். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு ஓடினால், மாவட்டத்தின் மொத்தக் கூட்டமும் அதே வாரத்தில் அதே அலுவலகத்தில் நிற்கும்.

நிரந்தரச் சான்று, காலாவதியாகும் சான்று என்ற பிரிவையும் மனத்தில் வைக்க வேண்டும். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று அப்படியில்லை. சேரும் ஆண்டுக்கு உரியதாகப் புதிதாக வாங்க வேண்டும். இருப்பிடச் சான்றுக்கு வீணாக அலைகிறவர்கள் பலர். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் அது தேவைப்படுவதில்லை.

அப்பா பெயரில் ஓர் எழுத்து

மலையில் அப்பாக்களுக்குக் குழந்தை, வெள்ளையன், ஆண்டி, சின்னப்பையன் என்று பெயர்கள் உண்டு. ‘குழந்தை’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறு மாதிரி, சாதிச் சான்றில் மூன்றாவது மாதிரி இருக்கும். ழகரத்துக்கு ஆங்கில எழுத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தேர்ந்தெடுப்பார்கள். சரிபார்ப்பு மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் குழந்தை யாரென்று தெரியாது. மூன்று எழுத்துமுறை என்றால் அவருக்கு மூன்று ஆள்.

ஒரு முறை இன்னாட்டுப் பக்கத்திலிருந்து வந்த மாணவிக்கு இன்ஷியலே சிக்கலானது. பள்ளியில் அப்பாவின் எழுத்து மட்டும். ஆதாரில் அப்பாவும் தாத்தாவும் சேர்ந்து இரண்டு எழுத்து. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. அவள் செய்தது நல்ல வேலை. பள்ளித் தலைமையாசிரியரிடம் போய், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று எழுதி முத்திரையிட்ட கடிதம் வாங்கி, அன்று மாலையே பதிவேற்றிவிட்டாள். ஆதாரைத் திருத்தப் போயிருந்தால் கடைசி நாள் கடந்திருக்கும்.

எதை அடிப்படையாகக் கொள்வது என்ற குழப்பமே வேண்டாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி அப்படியே விண்ணப்பத்திலும் தட்ட வேண்டும். மற்ற ஆவணங்களை அதற்கு இணங்கத் திருத்திக்கொண்டு வர வேண்டும். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப் பட்டியலைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பெற்றோர் அங்கே வந்து நிற்பது, பின்னால் வரும் நூறு அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஓ.டி.பி. யார் போனுக்குப் போகிறது?

மலையில் பலர் மிளகு பறிக்கவும் மரம் வெட்டவும் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகிறவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களும் உண்டு. வீட்டில் இருக்கும் ஒரே நல்ல போன் அப்பாவோடு போய்விடும். பிள்ளை விண்ணப்பத்தில் அந்த எண்ணைக் கொடுத்திருப்பான். ரேங்க் வெளியானது, சான்றில் குறை இருக்கிறது, இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, இத்தனை மணிக்குள் உறுதிசெய்யுங்கள் என்று எல்லாச் செய்தியும் இடுக்கியில் மிளகுக் கொடிக்கு நடுவே நிற்பவருக்குப் போய்ச் சேரும். அவரோ, “ஏதோ கம்பெனிக்காரன் மெசேஜு” என்று தள்ளிவிடுவார்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போட்டவர்களின் கதை இன்னும் மோசம். அவசரத்தில் கடைக்காரரின் எண்ணையும் மின்னஞ்சலையுமே போட்டுவிடுவது உண்டு. அவரிடம் அப்படி ஐம்பது பிள்ளைகள். கடவுச்சொல் அவருக்கு மட்டும் தெரியும்.

எனவே மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்கும் ஓர் ஆளின் எண்ணைக் கொடுக்க வேண்டும்: ஆசிரியரோ, சித்தப்பாவோ, கல்லூரியில் படிக்கும் அக்காவோ. ஆகஸ்ட் முடியும்வரை அந்த எண் மாறக்கூடாது. மின்னஞ்சலைப் பிள்ளையே தொடங்க வேண்டும். விண்ணப்ப எண், கடவுச்சொல் இரண்டையும் நோட்டில் எழுதி வீட்டில் ஒரு பிரதி, பள்ளியில் ஒரு பிரதி. செய்தி வருமென்று காத்திருப்பதைவிட, கால அட்டவணையைப் பார்த்து அந்தந்த நாளில் உள்ளே நுழைந்து பார்ப்பது நல்லது. ரேங்க் பட்டியல் வந்ததும் குறைகளைச் சொல்லச் சில நாள் அவகாசம் தருகிறார்கள். இனப் பிரிவு தவறாகப் பதிவாகியிருந்தால் அதுதான் திருத்தும் நேரம்.

7.5: ஓர் ஆண்டு தவறினாலும் போச்சு

எங்கே பிறந்தாய் என்று பார்த்து இடம் தரும் முறை உலகில் இல்லாமலில்லை. இலங்கையில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு தழுவிய தகுதிக்கும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. நம் பக்கத்திலும் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்ட காலம் உண்டு. 1968இல் ராஜேந்திரன் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இன்று கள்ளக்குறிச்சிக்கென்று தனி மாவட்ட ஒதுக்கீடு கிடையாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1997இல் வேறொரு வழி கண்டது: ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 10 சதவீதத்தில் வரும் மாணவருக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம். ஊரைப் பார்க்காமல் பள்ளியைப் பார்ப்பது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான தமிழ்நாட்டின் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் பள்ளியைப் பார்ப்பதுதான். நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2020 அக்டோபரில் மருத்துவத்துக்கு வந்தது. நீதிபதி முருகேசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது.

நிபந்தனை ஒன்றே: ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. மலையில் ஜி.டி.ஆர். பள்ளி என்று சொல்லப்படும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் இதில் சேரும். ஆனால் இடையில் ஒரே ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்தாலும் தகுதி போய்விடும். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்புவரை தனியாரில் படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

மலைக் குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். மகனை நன்றாகப் படிக்க வைக்க வேண்டுமென்று ஒன்பதாம் வகுப்பில் சின்னசேலம் பக்கமோ ஆத்தூர் பக்கமோ கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பார்கள். கட்டணம் கட்ட முடியாமல் மறு ஆண்டே அரசுப் பள்ளிக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். பிளஸ் டூவில் அவன் வாங்கும் நல்ல மதிப்பெண் பொதுப் பட்டியலில் மட்டும் நிற்கும். பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்ற நினைக்கும் பெற்றோரிடம் கட்டுரையாளர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு, முடிவை அவர்களிடமே விடுவார்.

7.5 தகுதி உள்ளவருக்குப் பொதுத் தரவரிசை ஒன்று, அரசுப் பள்ளித் தரவரிசை ஒன்று என இரண்டு ரேங்க் வரும். பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு, “ஒன்னே கால் லட்சமாம் சார், வேணாம்” என்று வீட்டுக்குப் போன பிள்ளைகள் உண்டு. பார்க்க வேண்டியது அரசுப் பள்ளிப் பட்டியலில், அதற்குள் எஸ்.டி. வரிசையில், தான் எத்தனையாவது என்பதை.

கல்லூரிப் பட்டியல் எழுதும் மூன்று நாள்

பொறியியல் கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தத் தருவது மூன்று நாள்தான். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் குறிப்பிடலாம். கூடுதலாகக் குறிப்பிட்டால் அபராதம் இல்லை. ஆனாலும் பத்துக் கல்லூரியோடு நிறுத்திவிடுகிறார்கள். 60 இடமுள்ள ஒரு பிரிவில் 1 சதவீதம் என்பது கணக்குப்படி ஓர் ஆள்கூட இல்லை. எனவே எஸ்.டி.க்கு ஒரு பிரிவில் ஓர் இடம் இருந்தால், பக்கத்துப் பிரிவில் அதுவும் இல்லாமல் போகலாம். குறுகிய பட்டியல் போட்டவருக்கு ஒன்றும் கிடைக்காத நிலை இதனால்தான் வருகிறது.

வரிசை ஆசைப்படியே இருக்க வேண்டும். “கிடைக்காததை மேல போட்டா சீட்டு போயிடுமா?” என்று கேட்காத பிள்ளை இல்லை. போகாது. மேலிருந்து கீழாகப் பார்த்து, எது காலியாக இருக்கிறதோ அதைக் கணினி கொடுக்கும். எட்டாக் கனியை உச்சியில் எழுதுவதால் கீழே இருப்பதற்கு ஒரு பாதிப்பும் கிடையாது. ஆனால் பிடிக்காத கல்லூரியைத் தவறி மேலே வைத்துவிட்டால் அதுவே வந்து சேரும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பின் உறுதிசெய்ய இரண்டு நாள். ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருப்பதா, இதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பதா, அடுத்த சுற்றுக்குப் போவதா என்று கேள்வி வரும். ஏற்றுக்கொண்டு காத்திருப்பதுதான் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு. கையிலிருப்பதை விட்டுவிட்டுக் காத்திருப்பது, வேறு வழியைத் தயாராக வைத்திருப்பவருக்கு மட்டுமே.

அதே பெயரில் ஐந்து கல்லூரி

மலையிலிருந்து பொறியியலுக்குப் போகிறவர்களைவிடக் கலை அறிவியல் கல்லூரிக்குப் போகிறவர்களே அதிகம். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பம். மற்றவர்களுக்கு 50 ரூபாய்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதிவுக் கட்டணம் 2 ரூபாய் மட்டும். விண்ணப்பம் பொது என்றாலும் வரிசை போடுவது ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக. பி.ஏ. தமிழுக்குப் பிளஸ் டூ தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு மொழி நீங்கலாக நான்கு பாடங்களின் 400. மொத்தத்தில் குறைவாக வாங்கிய பிள்ளை தமிழில் 90க்கு மேல் வைத்திருந்தால், தமிழ் இலக்கியத்தில் அவளுக்கு முன்வரிசை. இது தெரியாமல் வணிகவியலை மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர்.

கல்லூரிப் பெயரில் ஒரு கண்ணி உண்டு. அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரி என்ற பெயர் விழுப்புரத்திலும் இருக்கிறது, ஆத்தூரை அடுத்த வடசென்னிமலையிலும் இருக்கிறது. நாமக்கல், செய்யாறு, முசிறியிலும் அதே பெயர்தான். வடசென்னிமலை என்று நினைத்துச் செய்யாற்றைத் தேர்ந்தெடுத்த மாணவனுக்குக் கலந்தாய்வு நாளன்றுதான் அது தெரிந்தது. கல்லூரிப் பெயரைப் பார்க்கக்கூடாது. ஊரைப் பார்க்க வேண்டும். கருமந்துறைப் பக்கத்துக்கு ஆத்தூர் தோது. வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்குகிறவர்களுக்குக் கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரி பக்கம். தினமும் மலையேறி இறங்குவது நடக்காத காரியம் என்பதால், விடுதியில் இடம் கேட்கும் விண்ணப்பத்தையும் சேர்ந்த அன்றே கொடுத்துவிட வேண்டும். அது தனி விண்ணப்பம்.

கலைக் கல்லூரிக் கலந்தாய்வு நேரில் நடக்கும். பட்டியலில் தன் ரேங்க் அழைக்கப்படும் நாளில் அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். வராதவரின் இடம் அன்றே அடுத்தவருக்குப் போய்விடும். முதல் பேருந்தைப் பிடித்தாலும் நேரம் தப்பிவிடும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள், முந்தைய நாளே இறங்கி உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

மலைக்கு வெளியே போகும் வாசல்கள்

2025இல் கருமந்துறையைச் சேர்ந்த பழங்குடி மாணவி ஒருவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் எஸ்.டி. பிரிவில் 417ஆம் இடம் பிடித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் சேரும் வாய்ப்பைப் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டு பச்சமலைப் பழங்குடி மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் சேர்ந்தார். இந்தச் செய்திகளுக்குப் பிறகு கட்டுரையாளரிடம் ஜே.இ.இ. பற்றிக் கேட்கும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். மத்திய அரசு நிறுவனங்களில் பழங்குடியினருக்கான பங்கு 7.5 சதவீதம், மாநிலத்தின் 1 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பெரிய வாசல்.

வாசல் பெரிது, ஆனால் சீக்கிரம் மூடிவிடும். ஜே.இ.இ. விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போதே முடிந்துவிடும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் நடக்கும் க்யூட் தேர்வும் அப்படியே. மே மாதம் முடிவு வந்த பிறகு கேட்பவருக்கு அடுத்த ஆண்டுதான். எஸ்.டி. சான்றும் மத்திய அரசின் படிவத்தில் இருக்க வேண்டும். மாநிலச் சான்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடைசி நாளில் படிவம் தேடக்கூடாது.

விண்ணப்பத்தை உண்மையில் உட்கார்ந்து படிக்கும் இடங்களும் சில உண்டு. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் எழுத்துத் தேர்வோடு நேர்காணலும் நடத்துகிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகையும் தருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் மட்டும் அந்த ‘ஒரு வரி’க்கு இடமுண்டு. ஆனால் இரக்கம் கேட்கும் வரியால் பயனில்லை. “எனக்கு எழுத ஒன்னுமில்ல சார்” என்று சொன்ன ஒரு மாணவனிடம் கடுக்காய் பொறுக்குவது பற்றிக் கேட்டபோது, எந்த மாதம் காய் உதிரும், எத்தனை நாள் காயவைப்பது, வியாபாரி எடையில் எப்படி அடிப்பான் என்று நிறுத்தாமல் சொன்னான். அதை அப்படியே எழுதச் சொன்னார் கட்டுரையாளர்.

இடம் கிடைத்த பிறகு

சேர்ந்த உடனே செய்ய வேண்டியவை சில. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் பழங்குடி மாணவருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையனுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. எல்லாமே ஆதாரோடு இணைந்த, பிள்ளையின் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அப்பாவின் கணக்கு எண்ணைக் கொடுத்தால் வராது.

ஜூலையில் இடம் கிடைக்காதவர்கள் சான்றிதழ்க் கோப்பைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். பொறியியலில் துணைக் கலந்தாய்வு இருக்கிறது. பிளஸ் டூ துணைத் தேர்வில் தேறியவர்களும் அதில் கேட்கலாம். அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரம்பாத இடங்களுக்குத் திரும்பவும் விண்ணப்பம் வாங்குகிறார்கள். கருமந்துறை அரசு ஐ.டி.ஐ.யிலும் கேட்டுப் பார்க்கலாம். வழி தெரியாதவர்கள் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணை அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். அழைக்கும்போது விண்ணப்ப எண்ணும், பிறந்த தேதியும், பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.